டீசல் கார் கரும்புகை: ஆயிலில் ஃப்ளஷ், டேங்க்கில் கிளீனர் ஊற்றலாமா?

வேளச்சேரி டீசல்:
வணக்கம். 2013 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மீட்டரில் 1,38,000 கி.மீ. முன்னால் வைத்திருந்தவர் என்ன ஆயில் போட்டார், எப்போது மாற்றினார் என்பதற்கு ஒரு பில்கூட இல்லை.

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் கரும்புகை கிளம்புகிறது, பின்னால் வரும் பைக்காரர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். இழுவையும் இல்லை. வாங்கிய புதிதில் லிட்டருக்கு 19 கொடுத்தது, இப்போது 15. மூன்று மாதம் முன்பு ஆயில் மாற்றினேன், இரண்டே வாரத்தில் டிப்ஸ்டிக் கன்னங்கரேல் என்று வந்தது.

"உள்ளே ஒரே கசடு சார். ஆயிலில் ஃப்ளஷ் ஒரு டப்பா, டேங்க்கில் கிளீனர் ஒரு டப்பா ஊற்றினால் சரியாகிவிடும்" என்கிறார் மெக்கானிக். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி, அதனால்தான் பயம். ஊற்றலாமா?

அம்பத்தூர் ஸ்பேனர்:
சார், 22 வருடமாக டீசல் வண்டிதான் பார்க்கிறேன். ஃப்ளஷ் வேண்டாம்.

முதலில் ஆயில் கறுத்ததை நினைத்துக் கவலைப்படாதீர்கள். டீசல் எரியும்போது கரி வரத்தான் செய்யும். அது உலோகத்தில் படியாமல், ஆயிலோடு மிதந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் கம்பெனியிலேயே கழுவும் மருந்து கலந்து விற்கிறார்கள். கறுத்தால் ஆயில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஃப்ளஷ்ஷில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் ஆயில் மாற்றாத இன்ஜினில் கசடு பாளம் பாளமாக ஒட்டியிருக்கும். ஃப்ளஷ் அதைக் கரைப்பதற்கு முன் பெயர்த்துவிடும். பெயர்ந்தது, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைக்கும். ஆயில் மேலே ஏறாது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பொருள், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். அது இல்லை என்றால் டர்போ போச்சு. ஒழுங்காக சர்வீஸ் பார்த்த வண்டி என்றால் ஊற்றி, ஐடிலில் டப்பாவில் போட்ட நிமிடம் மட்டும் ஓட விட்டு, சூட்டோடு இறக்கிவிடலாம். உங்கள் வண்டிக்கு ஜாதகமே தெரியாதே!

ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள். கண்மை மாதிரி கெட்டியாக அப்பியிருக்கிறதா?

தாம்பரம் பயணி:
அவர் சொல்வது சத்தியம். தெரியாத வண்டிக்கு ஃப்ளஷ் ஊற்றி, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டேன். நான்காம் நாள் பெருங்களத்தூரில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிட்டேன். சம்ப்பைக் கழற்றினால் வலை தெரியவில்லை, கரிதான் தெரிந்தது. டர்போவும் மாற்ற வேண்டியதாயிற்று. விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஆஃப் பண்ணுங்கள், தயவுசெய்து.

வேளச்சேரி டீசல்:
மூடியில் மை மாதிரிதான் இருக்கிறது. ஃப்ளஷ் வேண்டாம், சரி. அப்புறம், டேங்க்கில் ஊற்றுகிற கிளீனர்?

அம்பத்தூர் ஸ்பேனர்:
அப்படியென்றால் மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலைப் போட்டு, அடுத்த இரண்டு முறை 3,000 கி.மீ.யிலேயே ஃபில்டரோடு மாற்றுங்கள். அந்த ஆயிலே கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவும்.

டேங்க் கிளீனர் அவ்வளவு ஆபத்தில்லை. டீசலுக்கென்றே உள்ளதா என்று பாருங்கள். முதலில் கிளீனரை ஊற்றி, பிறகு டீசல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நுனியில் லேசாகப் படிந்த கரியை அது எடுக்கும். தேய்ந்துபோன இன்ஜெக்டரைச் சரிபண்ணாது. சில பேர் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். டீசலை அழுத்தி இன்ஜெக்டர் பக்கம் தள்ளும் காமன் ரெயில் பம்ப்புக்கு மசகே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை, 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் பம்ப் தேய்ந்துவிடும்.

ஆனால் மேம்பாலத்தில் மட்டும் புகை, கூடவே இழுவை இல்லை என்றால் எனக்குக் காற்று மேல்தான் சந்தேகம். டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காவிட்டால் கரும்புகைதான். ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு டப்பா வாங்குங்கள். டீசல் ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரையும் இறக்கிவிடுங்கள்.

வேளச்சேரி டீசல்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஹோஸ்தான்! கிளாம்ப்புக்குக் கீழே, கண்ணில் படாத பக்கம், இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். சும்மா நிற்கும்போது மூடிக்கொள்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வாய் திறக்கிறது. சுற்றிலும் ஆயில் கசிந்து ஈரம். புதுப்பேட்டையில் வாங்கி மாட்டினேன். இஜிஆர் வழி கரியால் பாதி அடைத்திருந்தது, அதையும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. நேற்று அம்மாவோடு கத்திப்பாரா ஏறினேன், கண்ணாடியில் புகையே இல்லை. மைலேஜ் இன்னும் ஒரு டேங்க் ஓட்டினால்தான் தெரியும்.

ஆயிலும் மாற்றிவிட்டேன். இந்த 3,000 முடிந்ததும் சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்த்துவிடலாமா சார்?

அம்பத்தூர் ஸ்பேனர்:
தாராளமாகப் பாருங்கள். சம்ப்பைத் திரும்ப மாட்டும்போது பழைய சீலண்டை முழுதாகச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், புதிதாகத் தடவுவது உள்பக்கம் பிதுங்கக் கூடாது. பிதுங்கினால் அதுவும் அந்த வலையில்தான் போய் உட்காரும்.