மரைமூடி திருகினால் போதுமா, வெல்ட் அடிக்க வேண்டுமா? (நியூயார்க், ஏஆர்-15)

குறிவட்டம்:
நியூயார்க்கின் 2013 சட்டப்படி, கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாப் பெட்டி) உள்ள செமி ஆட்டோ ரைஃபிளில் தடைப்பட்டியல் அம்சம் ஒன்று இருந்தாலே அது ‘அசால்ட் வெப்பன்’. ஸ்டாக், கிரிப் எல்லாம் மாற்றிய 16 அங்குலக் குழல் ஏஆர்-15 ரைஃபிளில் மிச்சம் குழல்முனை மரை மட்டும்தான் (1/2-28: அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று). அதை மறைக்கும் மரைமூடியில் சிவப்பு லாக்டைட் (மரை ஒட்டும் பசை) தடவி இறுக்கினால் போதாதா? வெல்டிங் வீண் செலவு என்பது என் கட்சி.

கடைசல்காரன்:
போதாது. மூடிக்கு அடியில் மரை அப்படியே இருக்கு, பட்டியலில் இருப்பதும் மரைதான். சிவப்பு லாக்டைட் 260 டிகிரி சூட்டில் விட்டுவிடும், ஒரு டார்ச், ஒரு ஸ்பேனர் போதும் கழற்ற. ‘நிரந்தரம்’ என்று ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) குழல் நீளக் கணக்குக்கு ஏற்பது மூன்று வழி: சுற்றிலும் வெல்ட், 593 டிகிரி வெள்ளி சால்டர், இல்லை பின் (சின்ன ஆணி) அடித்து அதன் தலைமேல் வெல்ட். தொழிலில் இதையே அளவுகோலாகப் பிடிக்கிறோம்.

ஜெர்சிக்காரர்:
மூடி எதற்கு சார்? நியூ ஜெர்சியில் குழல்முனையில் மாட்டும் மசில் பிரேக்கைப் பின் வைத்து வெல்ட் அடித்துவிட்டு நிம்மதியாகச் சுடுகிறார்கள். உதைப்பும் குறையும்.

கடைசல்காரன்:
அது ஜெர்சி. அங்கே பட்டியலில் இருப்பது ஃபிளாஷ் சப்ரஸரும் (முனைச் சுடரைக் குறைப்பது) அதை மாட்டத் தோதான மரையும். நியூயார்க்கில் பிரேக், காம்பென்சேட்டர் (முனை எம்புவதைக் குறைப்பது) இரண்டுமே பட்டியலில் உண்டு. பிரேக்கை வெல்ட் அடித்தால் குற்றத்தையே நிரந்தரமாக்கிய மாதிரி! கலிஃபோர்னியா இன்னொரு கதை: ரைஃபிளுக்கு மரை பட்டியலிலேயே இல்லை, ஃபிளாஷ் சப்ரஸர்தான் வம்பு. மரை அங்கே பிஸ்டலுக்குத்தான் தடை. பக்கத்து மாநில வீடியோவைப் பார்த்து வேலை செய்தால் இப்படித்தான் ஆகும்.

இரும்புத்தூள்:
இவ்வளவு பாடு எதற்கு? மரையை அறுத்துத் தள்ளிட்டு 11 டிகிரி கிரவுன் (குழல்வாய் விளிம்பு) வெட்டினா முடிஞ்சுது.

கடைசல்காரன்:
16இல் மரை மட்டும் ஏறக்குறைய 0.6 அங்குலம். அறுத்தால் 15.4. மாநிலச் சட்டத்துக்குத் தப்பி 1934 மத்திய சட்டத்தில் மாட்டுவீர்கள், பதிவில்லாத குட்டைக்குழல் (16 அங்குலத்துக்குக் குறைந்த) ரைஃபிள் என்று. 18, 20 அங்குலக் குழலுக்குத்தான் ரம்பம். அளவெடுக்கும்போதும் போல்ட்டை (தோட்டா அறையை அடைக்கும் பாகம்) மூடி, முனை வழியாகக் குச்சி விட்டு அளக்கணும்.

இரும்புத்தூள்:
சரி, 16க்கு ரம்பம் வேண்டாம். லேத்தில் ஏற்றி மரையை மட்டும் வழித்துவிடுங்க. நீளம் குறையாது, வெல்ட் சூடும் கிரவுன் பக்கம் போகாது. என்னைக் கேட்டால் இதுதான் சுத்தமான வேலை.

குறிவட்டம்:
அப்புறம் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் குழல் குப்பைக்கா? வெல்ட் என்றாலாவது பின்னை மில் செய்து எடுக்கலாம்.

கடைசல்காரன்:
அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பின் அடிக்கும் கட்சி. ஆனால் எஃகு மூடி வாங்குங்க. டைட்டானியம், அலுமினியம் எஃகோடு வெல்ட் ஆகாது. மூடியைக் குழலின் தோளில் முட்டும்வரை இறுக்கி, அடிப்பக்கம் 1/8 அங்குலத் துளை. மூடிச் சுவரைத் தாண்டி மரைக்குள் ஒரு மி.மீ. குழி விழுந்தால் போதும். மரை அடியிலிருந்து உள்துளை வரை சுவர் 3 மி.மீ.தான், அதனால் டிரில்லில் ஸ்டாப் காலர் (ஆழத்தை நிறுத்தும் வளையம்) மாட்டாமல் தொடாதீர்கள். பின் தலை மூடியின் மட்டத்துக்கு ஒரு மி.மீ. கீழே நிற்கணும். துருத்திக்கொண்டு நின்றால் ராவும்போது வெல்டும் சேர்ந்து போய்விடும். வெல்டுக்கு முன் பாஸ்பேட், நைட்ரைடு பூச்சைச் சுரண்டணும், இல்லையென்றால் வெல்ட் நுரைத்து ஓட்டை விழும். டிக் (TIG) வெல்ட், சின்னப் பொட்டு, முனையில் பித்தளைத் தக்கை. பொறி தெறித்துக் கிரவுனில் ஒட்டினால் குறி போச்சு.

இரும்புத்தூள்:
கேஸ் பிளாக்கை (குழல்மேல் மாட்டிய வாயுப் பாகம்) மறந்துட்டீங்களே. மூடியின் வெளிவிட்டம் 0.75 அங்குலத்தைத் தாண்டினால், வெல்டுக்கு அப்புறம் 0.750 அங்குல பிளாக் முன்பக்கமாகக் கழலாது. ஹேண்ட்கார்டு (குழல்மேல் கைப்பிடி உறை) மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடிச்சுடுங்க. லேத்தில் வழித்த குழலுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

குறிவட்டம்:
லாக்டைட்டைக் கைவிட்டேன். 0.70 அங்குல விட்டத்தில் எஃகு மூடி, பின், வெல்ட். லேத் கட்சிக்கு இன்னும் வரவில்லை.