மருத்துவக் கனவோடு விண்ணப்பித்த பிள்ளைகள்: எது கைகொடுத்தது?

எடிசன் அம்மா:

என் மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், ப்ரீமெட் பாதையில் இருக்கிறாள். கோவிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எதைச் செஞ்சா நல்ல காலேஜ்ல ப்ரீமெட் சீட் கிடைக்கும்?" ஊரில் ப்ளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். சேர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த அமெரிக்க முறை பிடிபடக் கொஞ்ச நாள் ஆகிறது. இங்கே ப்ரீமெட் என்று தனியாக சீட் கிடையாது. பிடித்த பட்டப்படிப்பு எதையாவது நான்கு வருடம் படிக்கலாம். கூடவே மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை முடித்து, எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, அப்புறம்தான் நான்கு வருட எம்.டி. அதனால் 17 வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள், தங்கள் வளாகத்தில் நான்கு வருடம் இருக்கப்போகும் பிள்ளை எப்படிப்பட்டது என்று பார்க்கிறார்கள். குட்டி டாக்டரை யாரும் தேடுவதில்லை.

மகளுக்குக் கைகொடுத்தது எங்கள் பகுதி ஆம்புலன்ஸ் குழு. நியூ ஜெர்சியில் பல ஊர்களில் தன்னார்வலர்களே நடத்தும் ரெஸ்க்யூ ஸ்குவாட் உண்டு. இங்கே 16 வயதிலேயே இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் முதலுதவி செய்பவர்) பயிற்சியில் சேரலாம், நிறைய மாநிலங்களில் 18 ஆகவேண்டும். சேர்ந்த புதிதில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் சரிபார்க்கும் வேலைதான். ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு, சளி உறிஞ்சும் கருவியில் சார்ஜ் இருக்கிறதா, போர்வை எத்தனை என்று பட்டியலில் டிக் போடுவாள். ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்ட ஒரு தாத்தாவைத் தூக்கப் போயிருக்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லோரும் சத்தமாகக் கேட்கக் கேட்க, அவர் பதில் சொல்லாமல் தரையையே தடவிக்கொண்டு இருந்திருக்கிறார். நினைவு தப்புகிறதோ என்று பயந்திருக்கிறார்கள். இவள் குனிந்து வாஷ்பேசினுக்கு அடியில் பார்த்தால் அவருடைய காது மெஷின் கிடக்கிறது! எடுத்துத் துடைத்துக் கொடுத்ததும் போட்டுக்கொண்டு, மாத்திரைப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டாராம்.

பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப்பில் பள்ளிக்கு வெளியே செய்தவற்றை எழுத பத்து இடம் தருவார்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான். அதில் மகள் முதலில் 'அவசர மருத்துவ சேவையில் ஈடுபட்டு சமூகத்துக்கு உதவினேன்' என்கிற மாதிரி எழுதி வைத்திருந்தாள். பள்ளி கவுன்சிலர் படித்துவிட்டு, "சரி, சனிக்கிழமை ராத்திரி நீ அங்கே போனதும் முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டார். வாயால் சொன்ன பதிலை அப்படியே எழுதச் சொன்னார். சிலிண்டர், பட்டியல், ஸ்ட்ரெச்சரில் கால்பக்கம் பிடிப்பது எல்லாம் உள்ளே வந்தது. 650 சொல் கட்டுரை முழுக்க அந்தக் காது மெஷினைப் பற்றித்தான். பெயர், ஊர், நோய் எதையும் எழுதவில்லை. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று.

பத்து இடத்தையும் அவள் நிரப்பவில்லை. செய்யாத ஒன்றைப் பெரிதாக்கி எழுதுவதைவிடக் காலியாக விடுவது மேல் என்று கவுன்சிலரும் சொன்னார், எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

ஹூஸ்டன் அப்பா:

அக்கா, நான் வேறொரு விஷயம் சொல்கிறேன். நம் வீடுகளில் எல்லாம் நடப்பதுதான். கோடை லீவுக்கு ஊருக்குப் போனால் யாராவது ஒரு சித்தப்பாவோ மாமாவோ ஆஸ்பத்திரி வைத்திருப்பார். "அனுப்பி வையுங்க, ஆபரேஷன் தியேட்டர்லயே நிக்க வைக்கிறேன், தையல் போடக்கூட கத்துக்கட்டும்" என்பார். அவருக்கு இருப்பது முழுக்கப் பாசம்தான். ஆனால் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணல் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது. "இந்த ஊரில் அந்தப் பையனை அதைச் செய்ய விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் அங்கேயும் செய்யக்கூடாது. பெருமையாக எழுதினால் எனக்கு அவன் தீர்ப்புத்திறன் மேலேயே சந்தேகம் வரும்" என்றார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யும் இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டில் என்றாலும் பயிற்சி பெறாத சிகிச்சை வேலையில் மாணவர்கள் கைவைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

மகன் ஊருக்குப் போகத்தான் செய்தான். திருநெல்வேலிப் பக்கம் என் சித்தப்பாவின் சர்க்கரை நோய் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பேச்சுத் தமிழ் நன்றாக வரும், படிக்கத் தடுமாறுவான். அங்கே வந்த ஒரு பாட்டி, வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால் இன்சுலின் குப்பியை மண்பானைக்குள் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பானையில் ஈர மணல், அதற்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் மருந்து. பையனுக்கு அது மனசில் தங்கிவிட்டது. திரும்பி வந்ததும் வேதியியல் வகுப்பில் கற்ற ஆவியாதலை வைத்து, கொல்லைப்புறத்தில் பானையும் தெர்மாமீட்டருமாக உட்கார்ந்துவிட்டான். காற்று வறண்டிருந்த நாளில் பானை நன்றாகக் குளிர்ந்தது. ஹூஸ்டன் புழுக்கத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி இறங்கவில்லை. ஏன் என்று தேடித் தேடிப் படித்தான். எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை, பரிசும் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் 'என் ஆர்வத்தைத் தூண்டிய ஒன்று' என்ற கேள்விக்கு அவன் எழுதிய பதில் அதுதான். அதைவிட நல்ல பதிலை எந்தக் கன்சல்டன்ட்டும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே அனுமதி உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு (யு.டி. ஆஸ்டின்) மட்டும் அந்த வரம்பு குறைவு, 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். அதுவும் பல்கலைக்கழகத்துக்குள் நுழையத்தான், கேட்ட பாடம் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பின்னாளில் இங்கேயே மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய பலம். தூரத்தில் இருக்கும் பெயர்பெற்ற கல்லூரிக்காகக் கடன் வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஃப்ரீமான்ட் வீணை:

மகன் பத்தாம் வகுப்பு. டாக்டர் ஆகவேண்டும் என்று அவனேதான் சொல்கிறான், நாங்கள் திணிக்கவில்லை. ஏழு வயதிலிருந்து மிருதங்கம் கற்கிறான். தெரிந்தவர்கள் எல்லாம், "மிருதங்கத்தை நிறுத்து, ஆராய்ச்சி இல்லாமல் ஒன்றும் கிடைக்காது" என்கிறார்கள். ஒரு கோடை முகாமில் மூன்று வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள், பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறதாம். சேர்க்கலாமா? ராத்திரி தூக்கமே வரமாட்டேன் என்கிறது.

வெள்ளைக்கோட்டு:

ஃப்ரீமான்ட் அக்கா, தயவுசெய்து மிருதங்கத்தை நிறுத்தாதீர்கள். நான் மெட் ஸ்கூலில் மூன்றாம் வருடம். அந்த மாதிரி முகாம்களில் பெரும்பாலானவை வளாகத்தை வாடகைக்கு எடுத்து நடத்துபவை, அல்லது பணம் கட்டினால் பொதுவாக யாருக்கும் இடம் கிடைப்பவை. பிள்ளைக்கு ஆசை இருந்து, கையில் பணமும் இருந்தால் அனுப்புங்கள், நாலு விஷயம் கற்றுக்கொண்டு வருவான். சேர்க்கைக்காக என்றால் வேண்டாம். உண்மையிலேயே மதிப்புள்ளவை வேறு மாதிரி இருக்கும். எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்னும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. டெக்சஸ் டெக்கில் நடக்கும் கிளார்க் ஸ்காலர்ஸ் திட்டமும் அப்படித்தான், வருடத்துக்கு 12 பேரைத்தான் எடுப்பார்கள். கிடைத்தால் பெரிய விஷயம், கிடைக்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

எனக்கு அதெல்லாம் எதுவும் கிடைக்கவில்லை. உள்ளூர் முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை தோறும் சாப்பாட்டுத் தட்டு எடுத்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான். பக்கவாதம் வந்த ஒருவருக்கு ஸ்பூனை எந்தப் பக்கம் வைத்தால் கண்ணில் படும் என்று ஒரு நர்ஸ் காட்டிக்கொடுத்தார். அவருக்கு இடது பக்கம் வைப்பது எதுவுமே இருப்பதாகத் தெரியாது. பாதித் தட்டைச் சாப்பிட்டுவிட்டு 'இன்னும் பசிக்குது' என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு அந்தத் தட்டிலிருந்துதான் வந்தது, இன்றைக்கும் நரம்பியல் பக்கமே மனசு போகிறது.

இன்னொரு உண்மையும் சொல்லவேண்டும். நாலைந்து வருடம் கழித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது உயர்நிலைப் பள்ளியில் செய்தது பெரும்பாலும் கணக்கில் வராது. அந்த விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம், கல்லூரிக் காலத்தில் செய்தவைதான் அங்கே பேசும். அப்புறம் கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ., 472 முதல் 528 வரை மதிப்பெண் போடும் எம்கேட். ஆகவே எந்தக் கல்லூரிக்குள் நுழைகிறோம் என்பதோடு, நுழைந்தபின் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் உடைந்துபோகாமல் இருக்க அங்கே என்ன துணை கிடைக்கும் என்பதும் முக்கியம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, "உங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள்" என்பார்கள். விண்ணப்பிக்க விடாமல் முன்பே ஒதுக்கியவர்கள் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். சில கல்லூரிகளில் கமிட்டி கடிதம் என்று ஒன்று உண்டு, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவருக்குக் கல்லூரியே தரும் பரிந்துரை. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தைத் தராமல் நிறுத்திவிட்டால், அந்த சதவீதம் தானாக அழகாகிவிடும்.

வேதியியல் டீச்சர், நேப்பர்வில்:

நான் உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. கெமிஸ்ட்ரி (கல்லூரித் தர வேதியியல்) எடுக்கிறேன், பரிந்துரைக் கடிதங்களை வருடா வருடம் எழுதுகிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் ரெஸ்யூமேயை அனுப்பி, "இதையெல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. என் கடிதம் சொல்லவேண்டியது, வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படி என்பதை.

ஒரு பையன், பெயர் வேண்டாம். டைட்ரேஷன் (ஒரு கரைசலின் அடர்த்தியை அளக்கும் சோதனை) செய்தபோது அவனுக்கு வந்த எண் மற்ற குழுக்களோடு ஒத்துவரவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள், "எங்க எண்ணைப் போட்டுக்கோ" என்றார்கள். இவன் தனக்கு வந்ததையே நோட்டில் எழுதி, கீழே 'காரணம் தெரியவில்லை' என்று போட்டான். மறுநாள் மதிய உணவு நேரத்தில் வந்து, "ப்யூரெட்டை இன்னொரு முறை பார்க்கலாமா மிஸ்?" என்று கேட்டான். அந்த அளவுக் குழாயின் முனையில் ஒரு காற்றுக்குமிழி இருந்திருக்கிறது. கடிதம் முழுக்க அந்த மதிய நேரத்தைப் பற்றித்தான் எழுதினேன். ஒரு நாள் நோயாளி முன்னால் நிற்கப்போகிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியாது. அந்தப் பையனுக்கு என் பாடத்தில் ஏ கூட வரவில்லை, ஏ மைனஸ்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடிதத்துக்கு ஆசிரியரிடம் பிள்ளையே வந்து கேட்கட்டும், பெற்றோரின் மின்னஞ்சல் வேண்டாம். பதினோராம் வகுப்பு முடியும் மே மாதத்திலேயே கேட்டுவிட்டால் கோடையில் நிதானமாக எழுதுவோம். அக்டோபரில் கேட்டால் எத்தனை நல்ல மனசு இருந்தாலும் அவசரக் கடிதமாகத்தான் வரும்.

எட்டு வருடத் திட்டம்:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் என் நேர்காணல் ஞாபகம் வந்தது. நான் பள்ளியிலிருந்தே மருத்துவ இடத்தோடு சேர்த்து எடுக்கும் பி.எஸ்.எம்.டி. திட்டம் ஒன்றில் படிக்கிறேன். பிரௌன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.இ. இந்த வகைதான், எட்டு வருடம், எம்கேட் தேவையில்லை. மிசூரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில் ஆறு வருடத்திலேயே முடியும். இடங்கள் ரொம்பக் குறைவு. இதற்கு மட்டும், மருத்துவம்தான் வேண்டும் என்பதற்கு 17 வயதிலேயே பதில் வைத்திருக்க வேண்டும்.

நேர்காணல் எடுத்தவர் என்னிடம் கேட்டது, "மக்களுக்கு உதவ வேண்டும் என்கிறாய், ஏன் நர்ஸ் ஆகக்கூடாது?" என்று. நான் வேலை பார்த்த மருந்துக்கடையில், ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் ஒன்றுக்கொன்று ஆகாத மருந்து எழுதியிருந்ததையும், பார்மசிஸ்ட் போன் போட்டு இருவரையும் பேசவைத்ததையும் சொன்னேன். முடிவெடுக்கும் இடத்தில், அந்தப் பொறுப்போடு இருக்க விரும்புகிறேன் என்றேன். அப்புறம் அரைமணி நேரம் மருந்துக்கடை பற்றியே பேசினோம். என் ஆராய்ச்சி போஸ்டரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

எடிசன் அம்மா:

ஃப்ரீமான்ட் தோழி, கலிபோர்னியாவில் இருப்பதால் உங்களுக்கென்று சில விவரங்கள். யு.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழக) கல்லூரிகள் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எம்.ஐ.டி. 2022இல் தேர்வு கட்டாயம் என்பதைத் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மத், யேல், பிரௌன், ஹார்வர்ட் எல்லாம் 2024இல் அதே முடிவை அறிவித்தன. அதனால் வெளிமாநிலக் கல்லூரிகளும் பட்டியலில் இருந்தால் பையன் தேர்வை எழுதத்தான் வேண்டும். யு.சி.க்கு எட்டு கேள்வியில் நான்குக்குப் பதில் எழுதவேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அதில் ஒன்று படைப்பூக்கத்தைப் பற்றியது. தனி ஆவர்த்தனத்தில் கணக்கு தப்பாமல் கோர்வையைக் கொண்டுவந்து சேர்ப்பதைப் பற்றி எழுத அவனிடம் எவ்வளவு இருக்கும்! இந்தக் கோடைக்கு ஊரில் உள்ள இலவச கிளினிக், முதியோர் இல்லம், மருத்துவமனை மூன்றுக்கும் போன் போடச் சொல்லுங்கள். மருத்துவமனைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கோடைத் தன்னார்வலர்களை எடுத்து முடித்துவிடும். வயது வரம்பும் காசநோய் பரிசோதனையும் இருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.