பல்லை மட்டும்தானே எடுத்தேன்

இந்தக் குழுவில் ஒரு தம்பி, ஏட்காம் வகுப்பு, அதாவது மருத்துவ மாணவர்களுக்கு நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை, நெறிகள், பேச்சு ஆகியவற்றைச் சொல்லித்தரும் வகுப்பு, தூங்குவதற்குத்தான் என்று எழுதியிருக்கிறார். 2019 எம்.பி.பி.எஸ். பேட்ச்சிலிருந்து எல்லாருக்கும் அது உண்டு, நானும் கடைசி பெஞ்சில் தூங்கியவன்தான், அதனால் அவரைக் குறை சொல்லவில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் குடும்பத் தத்தெடுப்புக்காக, அதாவது மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்துக்காக, பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் எனக்கு ஐந்து வீடு கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண். பேசும்போதெல்லாம் துப்பட்டா நுனியை வாய்மேல் வைத்துக்கொள்வாள். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், சிறுவயதில் அதைக் குடித்தால் பல்லில் கறை விழும் என்று தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய 2013ல் அவளுக்கு ஒன்பது வயது. பல் எனாமல் உருவாவது ஏறக்குறைய எட்டு வயதோடு முடிந்துவிடும், அப்புறம் நல்ல தண்ணீர் குடித்தாலும் கறை போகாது. இதை விளக்கியபோது, "அப்ப நான் சரியா பல்லு விளக்காததால இல்லைங்களா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லித்தான் கேலி செய்வார்களாம். அடுத்த தடவை போனபோது துப்பட்டாவை விட்டுவிட்டுச் சிரித்துப் பேசினாள்.

அன்றைக்குத்தான் போட்டோ எடுத்தேன். பாடத்துக்கு என்றேன், சரி என்றாள். உதடும் பல்லும் மட்டும். திரும்பி வரும் பஸ்ஸிலேயே 'கிளாசிக் ஃப்ளோரோசிஸ்' (ஃப்ளோரைடால் வரும் பல் கறை) என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன், போதாததற்கு ஊர்ப் பெயர் வேறு. என் நம்பர் அந்த ஊரில் இருபது பேரிடமாவது இருந்தது. ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள் என்று நானே கொடுத்ததுதான்.

அடுத்த மாதம் போனால் அவள் அம்மா வாசலிலேயே நிற்கிறார். போன தடவை வரை கடலை வறுத்துக் கட்டிக் கொடுத்தவர். "பொண்ணு பார்க்க வர்றவங்க வீட்டுல கேட்டாங்க சார்" என்றார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு முன்பல் ஓரத்தில் சின்னதாக உடைந்திருக்கும், படத்தில் யார் என்று தெரிய ஊருக்கு அது போதும்.

வகுப்பு எடுக்கும் மேடத்திடம் போய் நானே சொன்னேன், கையோடு வக்கீல் வேலையும் பார்த்தேன். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளில் 7.17 இருக்கிறதே, அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது, தெரியாதபடி என்றால் சம்மதமே தேவையில்லை என்றும் அதிலேயே இருக்கிறது என்றேன். மேடம் திட்டவில்லை. "தெரியாதுன்னு முடிவு பண்ணினது யாரு, நீயா அந்த ஊரா?" என்று மட்டும் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்று "பரவால்லைங்க" என்றாள். துப்பட்டா நுனி மறுபடியும் வாய்மேல்.

— — —

அண்ணா, நான் கிருஷ்ணகிரி பக்கம், இப்போது ஹவுஸ் சர்ஜன். உங்களுடையதைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. தளி பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, கன்னடம் மட்டும்தான் தெரியும், எனக்கு அது சுத்தமாக வராது. கூட வந்த பேரனை, பன்னிரண்டு வயது இருக்கும், மொழிபெயர்க்கச் சொல்லி ஹிஸ்டரி எடுத்தேன். தீட்டு நின்று எத்தனை வருடம், வெள்ளைப்படுதல் உண்டா, எல்லாம் வார்டு நடுவில் நின்று, அவன் வழியாக. பையன் காதெல்லாம் சிவந்துவிட்டது. கடைசியில் அவனே முடித்து வைத்தான், "வயித்து வலின்னு சொல்றாங்க."

சாயங்காலம் ஓசூர்க்கார நர்ஸ் அக்கா ஒருவர் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, அஜ்ஜி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதமாக ரத்தப்போக்காம். அறுபது வயதுக்கு மேல் அப்படி வந்தால் முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பது பரீட்சையில் நான் இரண்டு தடவை எழுதிய பதில். கேஸ் ஷீட்டில் 'வயிற்று வலி' என்று எழுதி அதற்குள் கையெழுத்தும் போட்டிருந்தேன்.