வெள்ளித் தண்ணீர், முடிச்சு நூல், காரகீன் பால்: ஹெப்ரிடீஸ் தீவுக் கைவைத்தியம்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, கேலிக் மொழி பேசும் ஹெப்ரிடீஸ் தீவுகளில் முன்பு கண்ணேறு கழிக்க ‘வெள்ளித் தண்ணீர்’ தெளிப்பார்கள். பசு திடீரென்று பால் சுருக்கினாலோ குழந்தை காரணமில்லாமல் துவண்டாலோ இதுதான் வழி. கண்ட ஓடையில் மொள்ளக் கூடாது. இருப்பவர்களும் இறந்தவர்களும் கடக்கும் துறையில், அதாவது சவ ஊர்வலமும் போகிற இடத்தில் எடுக்க வேண்டும். போகவர வாய் திறக்கக் கூடாது. மரக் கிண்ணத்தில் வெள்ளிக்காசு போட்டு, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று மடக்கு குடிக்கக் கொடுத்து, மீதியைத் தெளிப்பார்கள். கிண்ணத்தைக் கவிழ்க்கையில் காசு அடியில் ஒட்டிக்கொண்டால் கண்ணேறு உறுதி. ஈர மரத்தில் தட்டைக் காசு எளிதில் ஒட்டும், அது வேறு விஷயம்.

•

சுளுக்குக்கு நூல் மந்திரித்துக் கட்டும் வழக்கமும் இருந்தது. கேலிக் மக்கள் போற்றும் கிறிஸ்தவப் புனிதை பிரைட், கால் முறிந்த குதிரையைக் குணமாக்கிய கதையைச் சொல்லி, ‘எலும்போடு எலும்பு, சதையோடு சதை’ என்று ஓதுவார்கள். ஜெர்மனியில் 10ஆம் நூற்றாண்டுச் சுவடியொன்றிலும், நம் பக்கம் அதர்வ வேதத்திலும் இதே அமைப்பு இருக்கிறது.

இவற்றைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலெக்சாண்டர் கார்மைக்கேல் வரி அலுவலராகத் தீவுதீவாகச் சுற்றித் திரட்டி, 1900இல் ‘கார்மினா கடெலிகா’ என்ற கேலிக் மந்திர, பாடல் தொகுப்பாக அச்சிட்டவை மெருகேற்றப்பட்டவை. சொன்னவர் வாயிலிருந்து வந்ததற்கு நெருக்கமாக வேண்டுமென்றால், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உள்ள அவருடைய களக் குறிப்பேடுகளோடு ஒப்பிட வேண்டும். 1951இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் ஒலிப்பதிவுகளில் இந்தச் சிக்கல் குறைவு. பேசியவரின் குரலே இருக்கிறது.

•

மந்திரத்தை விடுங்கள், அடுப்படிக்கு வருவோம். நெஞ்சுச் சளிக்குக் காரகீன் என்ற கடற்பாசியைக் காய்ச்சிய பால். வசந்த காலத்தில் கடல் நன்றாக வற்றும் நாளில் பாறையிலிருந்து இந்தக் கடற்பாசியைப் பறித்து, புல்லில் பரப்பி, நல்ல தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் காயவிட வேண்டும். கருஞ்சிவப்பு வெளுத்து இளமஞ்சளானால் பதம்.

காய்ந்த பாசி 10 கிராம், பால் ஒரு லிட்டர். பாசியைக் கால் மணி நேரம் ஊறவைத்து, மணல் போக அலசி, பாலில் போட்டுச் சிறுதீயில் 20 முதல் 30 நிமிடம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் சல்லடையிலேயே உறைந்துவிடும். இருமலுக்கு என்றால் உறையும் முன் தேன் கலந்து குடிப்பது நல்லது. கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று வழியில்: தீ அதிகமானால் அடிப்பிடிக்கும், பாசி கூடினால் ரப்பராகும், எலுமிச்சையைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் உறையாது. புளிப்பும் சூடும் சேர்ந்தால், பாலை உறையவைக்கும் காரகீனன் என்ற பாசிப் பொருள் சிதைந்துவிடும். ராமநாதபுரக் கரையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து எடுப்பதும் இந்தக் காரகீனன்தான். சளியை இது அறுக்காது; தொண்டையில் படிந்து அரிப்பை அடக்கும், அவ்வளவே.

•

அடுத்தது கண்டமாலை, அதாவது கழுத்தில் கட்டிகள் வீங்கும் நோய். ஹெப்ரிடீஸில் உள்ள லூயிஸ் தீவில் முன்பு அதற்கு ஒரு வீட்டின் ஏழாவது மகனைத் தேடிப் போவார்கள் (இடையில் பெண் பிறந்திருக்கக் கூடாது). அவன் தண்ணீரால் கழுவி, துளையிட்ட ஆறு பென்ஸ் வெள்ளிக்காசைக் கழுத்தில் கட்டிவிடுவான். அதைக் கழற்றக் கூடாது. இந்த நோய் நிணநீர்க் கட்டியில் வரும் காசநோய். காய்ச்சாத பாலாலும் பரவும். கட்டி தானாகவே வற்றி மறுபடி வீங்கும் இயல்புடையது என்பதால் காசுக்குப் பெயர் கிடைத்தது.

காயத்துக்கு வைத்த ஸ்பேக்னம் (சதுப்பு நிலத்தில் வளரும் பாசி, கடற்பாசி அல்ல) அப்படியல்ல. தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு நீரை உறிஞ்சும், அமிலத்தன்மையால் கிருமியை மட்டுப்படுத்தும். முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்து முழுவதும் இதைச் சேகரித்து, குச்சியும் புல்லும் நீக்கி, மஸ்லின் பைகளில் தளர்வாக நிரப்பினார்கள். இறுக்கி அடைத்தால் ஈரத்தில் உப்பிக் காயத்தை அழுத்தும். ஆனால் சதுப்பிலிருந்து பறித்ததை அப்படியே புண்ணில் வைக்காதீர்கள். தோலில் வரிசையாகக் கட்டிகளை உண்டாக்கும் ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சை அதில் இருக்கக்கூடும்.