ஆட்டிசம்: கோதுமை, பால், மீன் நிறுத்தணுமா? உலோகம் இறக்கும் ஊசி போடலாமா?

கேள்வி (தொண்டி)
அக்கா மகனுக்கு 4 வயது, 15 கிலோ. ஆட்டிசம் உறுதியாகிவிட்டது. தினம் முக்கால் லிட்டர் பால், பிஸ்கட், வெறுஞ்சோறு, வேறெதையும் தொடுவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். கடற்கரையில் விட்டால் மணலை அள்ளித் தின்கிறான். முடியைச் சோதித்த ஒருவர், மீனால் பாதரசம் ஏறியிருக்கு என்கிறார். கோதுமை, பால், மீன் மூன்றையும் நிறுத்தி, உலோகத்தை இறக்கச் சொட்டு மருந்தும் ஊசியும் போடணுமாம். எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1 (குழந்தை மருத்துவம், இராமநாதபுரம்)
ஊசி வேண்டவே வேண்டாம். 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 5 வயதுச் சிறுவன், உலோகம் இறக்கப் போடும் இ.டி.டி.ஏ. என்ற மருந்தின் ஊசியால் இறந்தான். அந்த மருந்தின் டைசோடியம் வகை இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகும். சொட்டு மருந்தில் குளோரின் டைஆக்சைடு இருக்கிறதா பாருங்கள். அது துணி வெளுக்கிற சரக்கு, குடலைப் புண்ணாக்கும். முடியில் வெளித்தூசியும் ஒட்டும் என்பதால் அந்தச் சோதனையை வைத்து மருந்து கொடுக்கக் கூடாது. உலோகச் சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் ஈயம் பாருங்கள். மண் தின்னும் பிள்ளைக்கு அது எப்படியும் தேவை.

மணல் தின்பதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். இவ்வளவு பால் குடித்தால் இரும்பு குறையும், மலமும் இறுகும். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இரத்தத்தில் பாருங்கள். காய்ச்சல் நேரத்தில் எடுக்காதீர்கள். ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மலச்சிக்கலுக்கு மருத்துவர் தரும் லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை நாலு நாளில் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விரிந்த குடல் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். வயிற்று வலி தீர்ந்தாலே பாதி அழுகையும் தூக்கக்கேடும் குறைவதுண்டு.

பதில் 2 (உணவியல், கீழக்கரை)
கோதுமையை நிறுத்துமுன் சீலியாக் (கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் நோய்) இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை (டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.) எடுத்துவிடுங்கள். நிறுத்தியபின் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லையென்றே வரலாம். சீலியாக் இல்லையென்றால், கோதுமையும் பாலும் விலக்குவதால் ஆட்டிசம் மாறும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று இல்லை.

பாலை முழுக்க நிறுத்தாமல் 400 மில்லிக்கு இறக்குங்கள். சில நாளுக்கு ஒருமுறை 50 மில்லி குறைத்தால் போதும். அவன் வயதுக்குத் தினம் 550 மி.கி. கால்சியம் தேவை, 400 மில்லி பாலில் சுமார் 480 கிடைக்கும். 30 கிராம் கேழ்வரகுக் கஞ்சியில் 100தான். அப்படியும் கோதுமையை விலக்கிப் பார்க்கத்தான் போகிறோம் என்றால், இட்லி, இடியாப்பம், கம்பு எல்லாம் சரி; ரவை, சேமியா மட்டுமில்லை, கட்டிப் பெருங்காயத்திலும் மைதா இருக்கும், அட்டையைப் படியுங்கள்.

மீனை நிறுத்த வேண்டாம். பாதரசம் சேர்வது சுறா, மயில்மீன் போன்ற பெரிய மீன்களில். நம்ம சூடை, சாளை, நெத்திலியில் மிகக் குறைவு. முள் மசியும்வரை வேகவைத்தால் கால்சியமும் கிடைக்கும். கருவாடானால் வெந்நீரில் இருமுறை ஊறவைத்து உப்பை இறக்குங்கள்.

பதில் 3 (சிறப்புக் கல்வி, பாம்பன்)
பிஸ்கட்டை ஒரேயடியாக எடுத்தால் பட்டினிதான் கிடப்பான். அவன் தட்டில் வெறுஞ்சோற்றுக்குப் பக்கத்தில் மிளகளவு மீன் வையுங்கள், தின்னச் சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை பார்த்தபின்தான் தொடுவான். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. இரண்டு வாரம் முன்பிருந்தே தூக்கம், மலம், அழுகையை நோட்டில் குறியுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் எந்த வாரம் எதை மாற்றினீர்கள் என்று சொல்லாமல், பையன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேளுங்கள். அப்போதுதான் அவர் எதிர்பார்ப்பு கலக்காமல் உள்ளதைச் சொல்வார்.