மறுமொழி: அஃபேசியாவுக்குப் ‘பேச்சிழப்பு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூளை பாதிப்பால் மொழியைக் கையாளும் திறன் கெடும் நிலையே அஃபேசியா. அதற்கான தமிழ்ச்சொல் பற்றிக் குழுவில் எழுந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘பேச்சிழப்பு’ நன்றாகத்தானே இருக்கிறது? எதற்குப் புதுச்சொல்?

அந்தச் சொல்லால் ஏமாந்தவன் எழுதுகிறேன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்த என் பெரியப்பாவுக்குப் ‘பேச்சிழப்பு’ என்றார்கள். பேச்சுத்தானே போயிற்று என்று சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்தோம். கடையில் நாற்பது ஆண்டு கணக்கு எழுதிய கை; அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ‘தண்ணீர்’ என்று எழுத வரவில்லை. தாகமெடுத்தால் ‘சாவி’ என்பார்; சாவியை நீட்டினால் எரிச்சலோடு தள்ளிவிடுவார். ஞாயிறு, திங்கள் என்று கிழமைகளை மட்டும் மளமளவென்று ஒப்பிப்பார். பார்க்க வந்தவர்களோ செவிடரிடம் பேசுவதுபோல் கத்தினார்கள்.

பழுது வாயில் இல்லை, மொழியில். சைகை மொழியே தாய்மொழியானவர்களுக்கும் மூளையின் இடப்பாதி பாதிக்கப்பட்டால் இது வருகிறது: கை அசையும், சைகை குழறும். அவர்கள் எந்தப் பேச்சை இழந்தார்கள்?

> ‘மொழியிழப்பு’ எனலாமே?

ஒரு சமூகம் தன் மொழியைக் கைவிடுவதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. ‘இழப்பு’ என்றால் அடியோடு போனதாகவும் படும்; பயிற்சியில் பலருக்குச் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகின்றன. ‘மொழிமுடக்கம்’ எனக்கும் பிடித்தது. ஆனால் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கி 1874இல் விவரித்த வகையில் பேச்சு முடங்குவதில்லை. அது கொட்டும், பொருள்தான் சேராது. சொல்லே வராத வகை, இந்த வகை இரண்டுக்கும் பொருந்துவது ‘மொழிக்குலைவு’ என்பேன்.

பெயர்ச் சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறு அநேகமாக வராத நோயாளியை 1861இல் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா, ‘அஃபெமியா’ என்றுதான் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அது அவப்பெயர் என்று பொருள்படுகிறதே என்று 1864இல் ‘அஃபேசியா’வுக்கு மாற்றியவர் இன்னொரு பிரெஞ்சு மருத்துவரான த்ரூசோ.

———

ஐயா, ‘குலைவு’ என்றதும் வீட்டார் புத்தி பேதலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? அறிவு தெளிவாக இருப்பதுதானே இந்த நோயாளிகளின் வேதனையே.

———

அம்மா, எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “மொழிதானே குலைந்தது, மனிதர் அப்படியேதானே இருக்கிறார்” என்றார். முன்னால் நிற்கும் ‘மொழி’ அந்தப் பழியைத் தடுக்கிறது என்று எண்ணுகிறேன். ப்ரோக்கா வகையைச் ‘சொல்வராக் குலைவு’, வெர்னிக்கி வகையைப் ‘பொருள்சேராக் குலைவு’ எனலாமா? இரண்டாவது எனக்கே சற்று நீளமாகப் படுகிறது.