மறு: 'மீட்டமை' எந்தப் பொத்தானுக்கு?

ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாட்டும் படமும் ஓட்டும் 'கோடி' (Kodi) ஊடக மென்பொருளைத் தமிழாக்கும் நம் வேலையில், அமைப்புகள் பக்கத்துக்கான சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்களையும் வரிகளையும், வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பிரிவின் அடியிலும், மேலே உள்ள அமைப்புகளை இயல்புநிலைக்குத் தள்ளும் பொத்தான் ஒன்று உண்டு. நம் வரைவில் அது 'மீட்டமை'. பேக்கப் துணைநிரலில் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலில்), எடுத்துவைத்ததைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானும் 'மீட்டமை'தான். ஒன்று இருப்பதை அழிக்கும், மற்றது போனதைக் கொண்டுவரும். புதுக் கணினியில் பழைய அமைப்புகளைத் தேடி வருகிறவர் தவறான பொத்தானை அழுத்தினால் பொறுப்பு நம்முடையது.

இன்னொன்று: புதிய பதிப்பை முதன்முறை திறக்கும்போது, தரவுத்தளம் மாறிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள் என்றொரு வரி வரும். அதற்கு 'இடம்பெயர்வு' என்று போட்டிருக்கிறேன். பேக்கப்புக்குக் 'காப்புப்பிரதி'. மறுப்பிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

மறுப்பு உண்டு, தம்பி. 'பிரதி' வடசொல். 'நகல்' என்பீர்கள், அது அரபி. 'படி' இருக்கிறதே! கையெழுத்துப்படி, படியெடுத்தல் என்றெல்லாம் வழங்குகிறோம். காப்புப்படி என்றே வைக்கலாம்.

மீட்டலுக்கு வருகிறேன். பகைவர் கவர்ந்த ஆநிரையை உடையவர் திரும்பக் கொணர்வது மீட்டல். தொல்காப்பியர் இதை, ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணைக்குள் அடக்கினார். பின்வந்த இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித்திணை ஆக்கியது. அடகு வைத்த நகையைத் திருப்புவதும் மீட்பதே. நம்முடையதாக இருந்தது நம்மிடம் வந்தால்தான் அது மீட்பு. அமைப்புகளைத் துடைத்துவிட்டுத் தொழிற்சாலை நிலைக்குப் போவதில் எதை மீட்கிறோம்? 'மீட்டு' என்ற தனி வினையும் உண்டு. நகையை மீட்டான், வீணையை மீட்டினான். பாட்டு இசைக்கும் மென்பொருளில் இந்த இரண்டும் குழம்பக் கூடாது. மீள் என்ற வேரிலிருந்து மீட்சி, மீளி என்று விரித்தால் இன்னும் நிறைய சொல்லலாம். அடுத்த மடலில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பங்கேற்பாளர்:

ஐயா, மீட்டல் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 'காப்புப்படி' என்று படித்தால் பயணப்படி, வீட்டு வாடகைப்படி வரிசையில் சம்பளத்தோடு வரும் இன்னொரு படி என்றுதான் நினைப்பார்கள். பொத்தானில் இருப்பது ஒற்றைச் சொல், விளக்கவுரை சேர்க்க இடமில்லை. காப்புப்பிரதி கைபேசி வழியாக ஏற்கெனவே புழங்கிவிட்டது.

'இடம்பெயர்வு' வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் போரில் வீட்டைப் பூட்டிவிட்டு இரவோடிரவாக வெளிக்கிட்டதைக் குறிக்கும். இடம்பெயர்ந்தோர் முகாம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாட்டுப் பட்டியலுக்கு அதைப் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

பயனர் உதவிப் பக்கத்தைக் கவனிப்பவர்:

உள்ளே நடப்பதைச் சொன்னால் சொல் தானாகக் கிடைக்கலாம். கோடியின் 18ஆம் பதிப்பில் காணொளித் தரவுத்தளக் கோப்பின் பெயர் மைவீடியோஸ்116. 19இல் மைவீடியோஸ்119. புதிய பதிப்பு பழைய கோப்பைத் தொடுவதில்லை. அதிலிருந்து ஒரு படி எடுத்து, அந்தப் படியைத்தான் புது வடிவத்துக்கு மாற்றுகிறது. 116 அப்படியே கிடக்கும். பிடிக்கவில்லையென்று 18க்குத் திரும்பினால் அதுவே திறக்கும். ஆனால் இடையில் எதைப் பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்ற குறிப்பெல்லாம் அதில் இருக்காது. எனவே எதுவும் இடம் பெயர்வதில்லை, பெயர்த்து எழுதப்படுகிறது.

2021இல் 19 வந்தபோது, துணைநிரல்களை எழுதும் நிரல்மொழியான பைத்தானில் 2 போய் 3 வந்தது. 18இல் எடுத்த காப்பை மொத்தமாக 19இல் கொட்டியவர்களுக்குப் பழைய துணைநிரல்களும் கூடவே வந்தன, ஆனால் ஓடவில்லை. அதனால் மீட்பு வேறு, மேம்பாடு வேறு என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

புலவர் ஐயா:

பெயர்த்தெழுதுதல்! மரபியலில் தொல்காப்பியர் மொழிபெயர்த்தலை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைக்கிறார். முதல்நூல் அப்படியே இருக்க, அதன் வழியே இன்னொன்று பிறக்கிறது. 116 முதல்நூல், 119 வழிநூல். இதைவிடப் பொருத்தமாக எது அமையும்?

ஒருங்கிணைப்பாளர்:

ஐயா, அருமை. ஆனால் திரையில் 'பெயர்த்தெழுதப்படுகிறது' என்று வந்தால், யாரோ தன் கோப்புகளை மொழிபெயர்க்கிறார்கள் என்று பயனர் பயப்படுவார்.

பெரும்பான்மைப்படி இப்போதைக்கு இவை: காப்புப்பிரதி எடு, மீட்டெடு. ரீசெட்டுக்கு 'இயல்புநிலைக்குத் திருப்பு'. நீளம்தான், சில தோல்களில் (திரைத் தோற்றங்களில்) வெட்டுப்படலாம், ஆனால் ஆபத்தில்லை. 'மீட்டமை' இரண்டு இடத்திலும் நீக்கப்படும். தரவுத்தள வரிக்கு 'புதிய பதிப்புக்கு மாற்றப்படுகிறது'. புதிய பதிப்புக்குப் போவதைக் குறிக்க மேம்படுத்து, புதுப்பி, தரம் உயர்த்து என்ற மூன்றில் எது என்பதை அடுத்த பதிப்புக்கு விடுகிறேன், நேரமில்லை.

புலவர் ஐயா:

சரி, ஏற்றுங்கள். 'பிரதி'க்கு என் மறுப்பைச் சொற்பட்டியலின் குறிப்புப் பகுதியில் பதிந்துவிடுங்கள். அடுத்த சுற்றில் படியை மறுபடி கொண்டுவருவேன்.